தேயிலை வந்த வழியும் தேநீர் காய்ச்சும் முறையும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், வரும்போது இரண்டு பொருள்களை மறவாமல் எடுத்து வந்தன. ஒன்று குலதெய்வத்தின் படம். மற்றொன்று பித்தளைக் காப்பி வடிகட்டி. படம் இன்றும் சுவரில் அதே இடத்தில் இருக்கிறது. வடிகட்டியோ நம் காலனியின் பல வீடுகளில் காலையில் ஒரு முறை மட்டுமே வெளியே வருகிறது. மாலை வேளையில் அடுப்பின் மேல் இருப்பது தேநீர்ப் பாத்திரந்தான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தேநீரையே கேட்கின்றனர். அண்டை வீட்டு வங்காள அன்பர் வந்தாலும், பீகார் அன்பர் வந்தாலும் அவர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே.

இவ்வளவு பழகிய பின்னரும் தேநீரைப் பற்றி நம்மிடையே ஒரு தயக்கம் நீங்கியபாடில்லை. “என்ன இருந்தாலும் நமக்குக் காப்பிதான் கைவந்தது, தேநீர் இவ்வூராருடைய பண்டம்” என்று கூறும் தாய்மார்கள் உளர். “கொதிக்க விடுவதே பிழை; இலையை வெந்நீரில் ஊற வைத்துப் பிறகு பால் சேர்ப்பதே முறை; நாம் காய்ச்சுவது தேநீரே அன்று” என்று கூறும் கற்றோரும் உளர். இவ்விரு கூற்றுகளும் உண்மைதாமா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதும், அவ்வாராய்ச்சியின் பயனாக நம் இல்லங்களில் இன்னும் நல்ல தேநீர் காய்ச்சும் வழியைக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

தேயிலையின் தாயகம் சீனம். அங்கே 8ஆம் நூற்றாண்டிலேயே லூ யூ என்னும் அறிஞர் தேயிலைக்கென்று தனி நூல் ஒன்று இயற்றினார். எந்த நீர் சிறந்தது, எவ்வாறு காய்ச்சுவது என்பனவெல்லாம் அந்நூலிலேயே பேசப்பட்டுள்ளன.

ஒரே சீன எழுத்தைச் சீனத்தின் பல பகுதியினர் ‘சா’ என்று ஒலித்தனர். தென்கிழக்குக் கடற்கரையின் பூக்கியன் பகுதியினர் ‘தே’ என்று ஒலித்தனர். தரைவழியாகப் பாரசீகம் சென்ற சொல் ‘சாய்’ ஆகி, வடநாட்டு மொழிகளில் நிலைபெற்றது. டச்சு வணிகரின் கப்பல்களில் ஏறிய சொல்லோ ‘தே’ என்றே ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் ‘டீ’ ஆயிற்று. தமிழர் அந்தத் ‘தே’ என்பதனோடு தம் ‘இலை’யைச் சேர்த்துத் ‘தேயிலை’ என்றனர். ஏகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வருவதற்கு நன்னூலிலேயே இடமுண்டு. அயல்நாட்டுச் சொல்லாயினும் நம் இலக்கணத்தின் வாயில் வழியாகவே உள்ளே வந்திருக்கிறது. ஆகவே நாம் ‘தேநீர்’ என்பதும் நம் அண்டை வீட்டார் ‘சாய்’ என்பதும் ஒரே சொல்லே. ஒன்று கப்பலில் வந்தது, மற்றொன்று ஒட்டகத்தின் மேல் வந்தது.

அஸ்ஸாமில் கண்ட செடி

நெடுங்காலம் ஆங்கிலேயர் சீனத் தேயிலையையே நம்பியிருந்தனர். 1823ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் என்பவர் மேல் அஸ்ஸாமில் சிங்போ என்னும் மலைக்குடியினர் ஒருவகை இலையை நீரில் இட்டு அருந்துவதை அறிந்தார். அவருக்கு வழிகாட்டியவர் மணிராம் தேவான் என்னும் அஸ்ஸாமியப் பெருமகனார். 1834இல் பெண்டிங் பிரபு தேயிலைக் குழு ஒன்றை அமைத்தார். 1838இல் அஸ்ஸாமிலிருந்து அனுப்பப்பட்ட 8 பெட்டித் தேயிலை, 1839 ஜனவரியில் இலண்டனில் ஏலம் போயிற்று. அதே ஆண்டில் அஸ்ஸாம் கம்பெனி தோன்றியது. தாமே தோட்டம் அமைத்துத் தேயிலை பயிரிட்ட முதல் இந்தியராகிய மணிராம் தேவானோ, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கு கொண்டார் என்று 1858இல் ஜோர்ஹாட்டில் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு செய்தியை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும். சீனத்துச் செடி சிற்றிலை உடையது. மென்மையும் மணமும் மிக்கது. அஸ்ஸாம் செடி பேரிலை உடையது. நிறமும் துவர்ப்பும் மிக்கது. சீனச் செடி அஸ்ஸாமின் வெப்பத்தில் செழிக்கவில்லை. டார்ஜிலிங் மலையில் செழித்தது. ஆகவே டார்ஜிலிங் இலையைக் காய்ச்சும் முறை வேறு, அஸ்ஸாம் இலையைக் காய்ச்சும் முறை வேறு என்பது செடியிலேயே அமைந்துவிட்டது.

தண்டவாளத்தின் பங்கு

இருப்புப்பாதையில் ஊழியம் புரியும் நமக்குத் தேயிலை வரலாற்றின் இப்பகுதி தனி உரிமை உடையது. தேயிலை விளைந்த மலைகளுக்கெல்லாம் இரயில் தேடிச் சென்றது. டார்ஜிலிங் மலைப்பாதை 1881இல் நிறைவெய்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் வண்டி ஓடியது. 1908இல் அது உதகைக்கு நீண்டது. அஸ்ஸாம் தேயிலையைச் சிட்டகாங் துறைமுகத்திற்குக் கொணர்வதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு 1892இல் அஸ்ஸாம்-வங்க இரயில்வே எழுந்தது.

அந்த இரயில்வேயின் ஊழியர் செய்த செயல் ஒன்று பொன்னெழுத்துகளிற் பொறிக்கத் தக்கது. 1921 மே மாதத்தில், சர்கோலாப் பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் கூலிக் குறைவு தாங்கமாட்டாமல் தோட்டங்களை விட்டு வெளியேறினர். சொந்த ஊர் திரும்பும் ஆவலுடன் சாந்த்பூர் இரயில் நிலையத்தில் தங்கியிருந்த அவ்வேழைகளை, நள்ளிரவில் கூர்க்காப் படையினர் தாக்கினர். பின்னர் வாந்திபேதியும் பரவிப் பலர் மாண்டனர். இக்கொடுமையைக் கண்டு பொறாத அஸ்ஸாம்-வங்க இரயில்வே ஊழியர், தமக்கென்று ஒரு காசும் கேளாமல், தேயிலைத் தொழிலாளர் பொருட்டு வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஜே. எம். சென்குப்தா அதனை முன்னின்று நடத்தினார். நம்மைப்போல் எழுதுகோலும் கைவிளக்கும் பிடித்த எளிய ஊழியர் அவர்கள்.

தமிழர் கைகள்

“தேநீர் நமக்கு அயலான பண்டம்” என்பார் நினைக்க வேண்டியது மற்றொன்று. இலங்கையில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் சென்றதும் அதே ஆண்டிலேயாம். இரண்டு ஆண்டுகளில் காப்பிச் செடிகளை ஒருவகைப் பூஞ்சை நோய் தாக்கத் தொடங்கி, நாளடைவில் காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பி நின்ற மலைகளிலெல்லாம் தேயிலை நின்றது. காடு வெட்டியதும் கன்று நட்டதும் கொழுந்து பறித்ததும் யார்? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுச் சென்ற தமிழ் மக்களே. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் அவர்களைத் தொடர்ந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின்னர் மண்டபம் முகாமும் தனுஷ்கோடி வண்டியும் அவர்கள் கடல் கடக்கும் வாயில்கள் ஆயின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் அந்தப் பாதையையும் கடலோடு கலந்தது.

அதே 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின்படி இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்ப நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்தவர்களுக்குத் ‘தாயகம்’ என்பது தாத்தா சொன்ன ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கவே தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் கழகமாக மாறிய அதுவே இன்றைய ‘டான்டீ’. ஆனைமலையின் வால்பாறைத் தோட்டங்களின் துன்பக் கதையை, அங்கே மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். அதன் தமிழாக்கமே ‘எரியும் பனிக்காடு’.

எனவே, தேயிலை நமக்கு அயலான பண்டம் அன்று. நாம் அருந்தக் கற்பதற்கு முன்பே நம்மவர் அதைப் பறிக்கக் கற்றுவிட்டனர்.

நாடு குடிக்கக் கற்ற கதை

ஆனால் விளைந்த நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறியது. இந்தியர் தேநீர் அருந்துதல் வேண்டும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்குப் பிறகே உண்டாயிற்று. 1903இல் தேயிலை மீது ஒரு சிறு வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு விளம்பரம் தொடங்கினர். முதல் உலகப்போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் அமைந்தன. பின்னர் உலகெங்கும் விலை வீழ்ந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவை ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிக்கொண்டன. தேங்கிய தேயிலையை எங்கே விற்பது? உள்நாட்டிலேதான். உடனே நகரங்களில் வீடு வீடாகச் சென்று தேநீர் இட்டுக் காட்டினர். இலவசமாகக் கிண்ணங்கள் நீட்டினர். ஒரு பைசாப் பொட்டலங்கள் விற்றனர். இரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் தோன்றின. தேநீரின் நன்மையும் அதைத் தயாரிக்கும் முறையும் அவற்றில் பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. காந்தியடிகள் தேநீரை உடலுக்கு வேண்டாத பொருளென்றே எழுதினார். வங்கத்து விஞ்ஞானி ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் காலம் மாறிற்று. 1947இல் ஓவியர் அன்னதா முன்ஷி தீட்டிய விளம்பரப் படம் ஒன்று, இராட்டையின் அருகே தேநீர்க் கிண்ணத்துடன் ஒரு மாதரசியைக் காட்டித் தேநீர் நூற்றுக்கு நூறு சுதேசி என்று முழங்கியது. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1954இல் தேயிலை வாரியம் உருவாயிற்று. இன்றோ இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இந்தியரே அருந்துகின்றனர்.

சொன்னபடி செய்யாத மக்கள்

அப்பலகைகள் கற்பித்த முறை ஆங்கிலேயர் முறை. பீங்கான் பாத்திரத்தை வெந்நீரால் சூடாக்குக; ஆளுக்கு ஒரு கரண்டி இலை இடுக; கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைக்க; பாலும் சர்க்கரையும் பின்னர்ச் சேர்க்க, என்பன அதன் விதிகள். இவற்றை நம் நாட்டு வணிகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டனர்; பிறகு தம் விருப்பப்படியே செய்தனர்! பாலை மிகுதியாகச் சேர்த்தனர். சர்க்கரையை அள்ளி இட்டனர். இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டனர். மசாலை சேர்ந்தால் தேயிலையின் அளவு குறையுமே என்று விளம்பரக்காரர் கவலையுற்றனர். மக்களோ அதைப் பொருட்படுத்தவில்லை.

இது அறியாமை அன்று. சாதாரணக் குடும்பத்திற்கு எட்டியது முழு இலை அன்று; தூளே. அத்தூளை ஆங்கில முறையில் வெறுமனே ஊற வைத்துக் குடித்தால் துவர்ப்பே மிஞ்சும். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் துவர்ப்புச் சத்துகளைப் பற்றிக்கொண்டு சுவையை மென்மையாக்கும். ஆதலின் பால் சேர்த்துக் காய்ச்சியது, கையில் கிடைத்த பொருளுக்கு ஏற்ற அறிவுடைய முறையே ஆகும்.

பின்னர் இயந்திரமும் அதே வழியில் வந்தது. 1930களில் அஸ்ஸாமின் அம்குரித் தோட்டத்தில் மெக்கர்ச்சர் என்பவர் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் உருளைப்பொறி ஒன்றை அமைத்தார். அதுவே ‘சி.டி.சி.’ முறை. சிறு குருணைகளாக வரும் அத்தேயிலை விரைவில் சாரம் இறங்கும். அடர்ந்த நிறம் தரும். ஒரு கிலோவுக்கு அதிகக் கிண்ணங்கள் கிடைக்கும். இன்று இந்தியத் தேயிலையின் பெரும்பகுதி இவ்வகையே.

நம் தமிழகத்துத் தேநீர்க் கடைக்காரரோ மூன்றாவது முறை ஒன்றைக் கண்டார். துணிப்பையில் தூளை இட்டுக் கொதிநீர் ஊற்றி, ‘டிகாஷன்’ தனியே இறக்கி, கொதிக்கும் பாலில் சேர்த்து, உயர்த்தி ஆற்றித் தருகிறார். உற்று நோக்கினால் இது காப்பி வடிகட்டியின் தத்துவமே. வெளியிலிருந்து வந்த இலையைத் தமிழர் தம் பழைய பழக்கத்தின் அச்சில் வார்த்துக்கொண்டனர்.

நல்ல தேநீர் காய்ச்சும் முறை

இனி, இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடங்களைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இலையை அறிதல். டார்ஜிலிங் இலையைக் கொதிக்க விடுதல் ஆகாது. கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து, பாலின்றி அருந்துக. நீலகிரியின் முழு இலையையும் அவ்வாறே செய்து பார்க்கலாம். தெளிவும் மணமும் உடையது. நாள்தோறும் பாலுடன் அருந்துவதற்கு அஸ்ஸாம் சி.டி.சி. குருணையே ஏற்றது. ஆங்கில முறை இலைக்கு உரியது. நம் முறை குருணைக்கு உரியது. ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றுவதே பிழை.

இரண்டாவது, காப்பு. தேயிலை ஈரத்தையும் பிற மணத்தையும் விரைந்து பற்றும். நம் சமையலறைகளில் பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் இருக்கும் தட்டிலேயே தேயிலை டப்பாவும் இருத்தல் வழக்கம். தேநீர் சுவைக்காமைக்குப் பாதிக் காரணம் அதுவே. இறுக மூடும் தகர டப்பாவில் இட்டு வேறு தட்டில் வைக்க. ஒரு திங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குக.

மூன்றாவது, நீர். புதிதாகப் பிடித்த குடிநீரே வேண்டும். உப்புநீரில், அஃதாவது சுண்ணாம்புச் சத்து மிக்க நீரில், நிறம் மங்கும். மேலே ஏடு போன்ற படலம் மிதக்கும். தேயிலையைக் குறை கூறுமுன் நீரை ஆராய்க.

நான்காவது, அளவு. தேயிலைச் சுவை பார்ப்போர்க்கென்று 1980இல் வகுத்த உலகத் தரம், 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்கிறது. அது குறைகளைக் கண்டறிவதற்கான கடுஞ்சாறு; அருந்துவதற்கு அன்று. நம் இல்லத்து அளவு இது: நால்வருக்கு மூன்று குவளை நீர், ஒன்றரைக் குவளை பால், தலைதட்டிய நான்கு சிறு கரண்டித் தூள்.

ஐந்தாவது, வரிசை. முதலில் நீரைக் கொதிக்க விடுக. இஞ்சி சேர்ப்பதாயின் இப்போதே நசுக்கி இட்டுக் கொதிக்க வைக்க. பச்சை இஞ்சியிலுள்ள ஒரு நொதி பாலைத் திரிக்கும். வெந்த இஞ்சி திரிக்காது. பின்னர்த் தூளை இட்டு, சிறு தீயில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் வைக்க. பால் கலந்தபின் இலை தன் சாரத்தை எளிதில் விடாதாகையால், நீரிலேயே சாரம் இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு, முன்பே காய்ச்சிய சூடான பாலை ஊற்றி, ஒரு முறை பொங்கியதும் இறக்குக. ஏலக்காயைக் கடைசியில் தட்டிப் போட்டு மூடுக. முன்னரே இட்டால் மணம் ஆவியோடு போய்விடும். வெல்லம் இடுவோர் அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே இடுக. இல்லையேல் பால் திரிய நேரும்.

ஆறாவது, உடனே வடிகட்டுதல். தூள் கிடக்கக் கிடக்கக் கசப்பும் துவர்ப்பும் ஏறும். காலையில் காய்ச்சியதை மாலையில் சுட வைப்பது தேயிலைக்கும் கேடு, நாவுக்கும் கேடு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேநீரின் துவர்ப்புச் சத்து, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். ஆதலின் உணவோடு சேர்த்து அருந்தாமல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுதல், சிறப்பாகக் கருவுற்ற தாய்மார்களுக்கு நல்லது. சிறுபிள்ளைகளுக்குத் தேநீரினும் பாலே ஏற்றது.

முடிவுரை

தேநீர் நமக்கு அயலானது என்பதும், நாம் காய்ச்சும் முறை பிழையானது என்பதும் வரலாற்றின் முன் நில்லாமை கண்டோம். நம் தேநீர் எந்தத் துரையின் பாடத்தையும் ஒப்பித்ததன்று. கிடைத்த எளிய தூளைக் கொண்டு, இந்நாட்டு ஏழை எளியோர் தாமே கண்டுபிடித்த பானம் அது. அதனை ஒழுங்காகவும் அளவோடும் காய்ச்சுவதே நாம் செய்ய வேண்டுவது.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. வெளிமாநிலம் வந்த நமக்கு அரசாங்க வேலையும் கூரையும் கிடைத்தன. ஆண்டுதோறும் விழா எடுக்கச் சங்கமும் அமைந்தது. நம்மைப்போலவே ஊரை விட்டுப் புறப்பட்டு மலையேறிய தமிழர்க்கோ லயத்து அறையும், அட்டைக்கடியும், தீராத துண்டுக் கடனுமே கிடைத்தன. அவர்தம் மக்கள் இன்றும் கொழுந்து பறிக்கின்றனர். அடுப்பில் நெடுநேரம் கொதித்து வீணாகும் ஒவ்வொரு கரண்டித் தூளும் யாரோ ஒரு தாயின் விரல் நுனியில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். மாலையில் தேநீர் வைக்கும்போது இக்கதையில் சிறிதேனும் அவர்களுக்குச் சொல்லுவோமாக.

வாழ்க நம் சங்கம்! ஓங்குக உழைப்போர் வாழ்வு!